ஆகாயத்துக்கும் வேலி உண்டு

வயலுக்கு வேலி உண்டு. தோட்டத்துக்கு வேலி உண்டு. ஆகாயத்துக்கு ஏது வேலி என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு என்றுதான் உலகத்துச் சர்க்கார்கள் தீர்மானித்திருக்கின்றன. 1944-ஆம் வருஷம் டிசம்பரில் சிகாகோ நகரில் கையெழுத்தான விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதல் ஷரத்து, ஒரு தேசத்தின் மேலுள்ள ஆகாயம் அந்தத் தேசத்துக்கே முழு உரிமை என்கிறது. எட்டாவது ஷரத்தோ, ஆளில்லாமல் பறக்கும் விமானம் விசேஷ அனுமதியின்றிப் பிற தேசத்தின்மீது பறக்கலாகாது என்கிறது. ட்ரோன் கடைகளில் விற்பனைக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே எழுதி வைத்த வாசகம் இது!

சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மவருக்கு ஓர் ஆசை. ஏற்காட்டு ஏரியையும், காப்பித் தோட்டங்களையும், சேர்வராயன் கோயில் உச்சியையும் ட்ரோனை அனுப்பி மேலிருந்து படம் பிடிக்க வேண்டும். ஆசையில் குற்றமில்லை. ஆனால் சுங்க அதிகாரியின் மேஜையிலேயே அது முறிந்துவிடக்கூடும். 2022 பிப்ரவரி 9-ஆம் தேதி இந்திய சர்க்கார், முழுமையான வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. ஆராய்ச்சி, ராணுவம், பந்தோபஸ்து ஆகிய காரியங்களுக்கு மட்டுமே விலக்கு. அதற்கும் அனுமதி வேண்டும்.

இங்கிருந்து வெளிநாடு செல்வோருக்கும் இதே பாடந்தான். சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்தாக வேண்டும். இலங்கையில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மொராக்கோவிலோ சுங்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஆகையால், டிக்கெட் வாங்கும் முன்பே அந்தந்த நாட்டு விதியைப் படித்துக்கொள்வது உசிதம். உபரி பாட்டரிகளைக் கைப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். புறப்படும்போதே சுங்கத்தில் சான்று பெற்றுக்கொண்டால், திரும்பி வருகையில் வாதாட நேராது.

நிற்க. உள்ளூரில் முறைப்படி வாங்கிய ட்ரோனுக்கும் விதிகள் உண்டு. 2021-ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி அதற்குப் பதிவு எண் வேண்டும். தேசப்படத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆகாயம் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி வரை தனி அனுமதியின்றிப் பறக்கலாம். அதற்கு மேலே மஞ்சள். விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி தேவை. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

மலையில் இந்த 400 அடிக் கணக்கு ஏமாற்றிவிடும். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரமோ 900 அடியில். லேடீஸ் சீட்டில் நின்று ட்ரோனை நூறு அடி உயர்த்திச் சேலத்தை நோக்கி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ட்ரோன் மேலே ஏறவேயில்லை. தரைதான் கீழே இறங்கிவிடுகிறது. கையிலுள்ள திரை, புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்டு, நூறு அடி என்றே காட்டும். விதியின் கணக்கிலோ வரம்பு எப்போதோ தாண்டியாயிற்று!

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சேர்வராயன் மலை வெறும் காட்சிப் பொருளன்று. அங்கே மலையாளி என்னும் மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் முற்றத்தின்மேல் கேளாமல் காமிராவைப் பறக்கவிடுவது, அயலார் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குச் சமானம். காப்புக் காடுகளுக்குள் வன இலாகாவின் அனுமதியும் அவசியம்.

அனுமதி கிடைக்கவில்லையா? பகோடா பாயிண்டுக்கு நடந்துபோய்க் கண்ணாரப் பாருங்கள். கண்களுக்கு எந்தச் சர்க்காரும் பதிவு எண் கேட்பதில்லை.