தக்காளிச் சண்டையும் பெரிய மார்க்கெட்டும்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் ஸ்பெயின் நாட்டுத் திருவிழா ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுவது வெளியூர் வாசகருக்கு வினோதமாகத் தோன்றக்கூடும். பிரான்சில் உறவுகள் உள்ள குடும்பங்கள் நிறைந்த இந்த ஊரில் அது அத்தனை வினோதமன்று. கோடை விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்கள் பக்கத்து நாட்டில் தாம் கண்டதையும் சேர்த்தே கொண்டு வருகிறார்கள். ஆகஸ்டு மாதக் கடைசிப் புதன்கிழமை, வலென்சியாவுக்கு அருகிலுள்ள புன்யோல் என்னும் சிற்றூரில் நூறு டன்னுக்கும் மேற்பட்ட தக்காளியை ஒரு மணி நேரம் ஒருவர் மீது ஒருவர் வீசிக்கொள்கிறார்கள்; அதன் பெயர் லா டொமாட்டினா. கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் நடக்கும் தக்காளிக் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சாப்பிடுற பொருளையா?"

இந்தக் கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2011இல் வெளிவந்த ஓர் இந்தித் திரைப்படத்தின் மூலம் இத்திருவிழா இந்தியாவில் பிரபலமாயிற்று. அதே ஆண்டு பெங்களூரிலும் மைசூரிலும் இதைக் கட்டண நிகழ்ச்சியாக நடத்த முயற்சி நடந்தது. உணவு வீணாகும் என்ற எதிர்ப்பு எழவே, அன்றைய கர்நாடக முதல்வர் சதானந்த கவுடா அனுமதி மறுத்தார். அந்த மறுப்பு சரியே என்பதுதான் நமது கருத்து. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் போதாது என்றும் நாம் கருதுகிறோம்.

முதலில் உணவு வீணாவதைப் பார்ப்போம். நம் சந்தைகளில் தக்காளி வீணாவதற்குத் திருவிழா எதுவும் தேவைப்படுவதில்லை. விளைச்சல் பெருகி விலை சரியும்போது, பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல் விவசாயிகள் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டுகிறார்கள். ஒட்டன்சத்திரமும் பாலக்கோடும் இந்தக் காட்சியைப் பலமுறை கண்டவை. மறுபுறம், 2023 ஜூலையில் விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியதாயிற்று. ஒரு பருவத்தில் குப்பை, இன்னொரு பருவத்தில் தங்கம். சேமிப்புக் கிடங்கும் பதப்படுத்தும் ஆலையும் போதிய அளவில் இல்லாததால் ஆண்டுதோறும் அழுகிப்போவதைப் பொறுத்துக்கொள்ளும் நாம், ஒரு மணி நேர விளையாட்டைக் கண்டு மட்டும் பதறுவது முழுமையான அறச்சீற்றம் ஆகாது.

அடுத்து, 'இது நம் பண்பாட்டுக்கு அந்நியம்' என்னும் வாதம். இதுவும் நிற்காது. கோயில் திருவிழாவின் கடைசி நாளில் முறைமாமன்மீது குடம் குடமாய் மஞ்சள் நீர் ஊற்றும் ஊர்கள் நம்முடையவை. புன்யோலில் தக்காளி வீச்சுக்கு முன்னால் சோப்பு தடவிய உயரக் கம்பத்தின் உச்சியில் பன்றித்தொடை ஒன்றைக் கட்டி, ஏறி எடுக்கச் சொல்கிறார்கள். நம்மூர் வழுக்கு மரத்துக்கும் அதற்கும் உச்சியில் கட்டிய பொருள்தான் வேறுபாடு. ஈரோடு மாவட்டம் தாளவாடி அருகே, கர்நாடக எல்லையை ஒட்டிய கும்டாபுரத்தில், தீபாவளியை அடுத்து பீரேஸ்வரர் கோயில் விழாவில் ஆண்கள் சாணத்தை உருட்டி ஒருவர்மீது ஒருவர் வீசிக்கொள்கிறார்கள். விழா முடிந்ததும் அந்தச் சாணம் வயல்களுக்கு உரமாகப் போகிறது. அழுக்கும் ஆரவாரமும், ஒருநாள் மட்டும் அனுமதிக்கப்பட்ட அத்துமீறலும் எல்லா மக்களுக்கும் பொதுவானவை என்றே தோன்றுகிறது.

அப்படியானால் பெங்களூர் நிகழ்ச்சியில் இல்லாதது எது? ஊர் இல்லை என்பதே நம் பதில்.

புன்யோலின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1945இல், ஊர்வலம் ஒன்றில் இளைஞர்களிடையே நடந்த தள்ளுமுள்ளுவில், பக்கத்துக் காய்கறிக் கடையின் தக்காளிகள் ஆயுதமாயின. அடுத்த ஆண்டும் வேண்டுமென்றே சண்டை நடந்தது. பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில், 1950களில், அது தடைசெய்யப்பட்டது. 1957இல் ஊர் மக்கள் சவப்பெட்டிக்குள் பெரிய தக்காளி ஒன்றை வைத்து, வாத்தியங்கள் சாவு இசை முழங்க, ஊர்வலமாகத் தூக்கிச் சென்று 'அடக்கம்' செய்தார்கள். தடை விலகியது. ஒரு தக்காளிக்காக அரசை எதிர்த்து நின்ற ஊர் அது. இன்றும் வீட்டு முகப்புகளைப் படுதா கட்டி மறைப்பவர்கள் அந்தத் தெருக்காரர்கள். நசுக்கிவிட்டே வீசவேண்டும், இரண்டாவது வெடி கேட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்பவை அவர்களது விதிகள். அதன் பின் தீயணைப்பு வண்டிகள் வந்து கற்பாதையைக் கழுவுகின்றன. சுமார் ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊருக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என வெளியார் வந்து குவிந்தபோது, 2013இல் கட்டணச் சீட்டு முறை வந்தது. மொத்தம் 20,000 பேருக்கே அனுமதி என்று வரையறுத்து, அதில் 5,000 இடங்களை உள்ளூர்க்காரர்களுக்கென இலவசமாக ஒதுக்கினார்கள். தன் தெருவில் நின்று ஆடுவதற்குத் தனக்கே இடம் ஒதுக்கிக்கொள்ள வேண்டிய நிலைக்கு ஓர் ஊர் வந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெங்களூருக்கு எடுத்துவர நினைத்தது தக்காளியை மட்டும்தான். அந்தச் சவ ஊர்வலத்தையோ, மறைக்கப்பட்ட முகப்புகளையோ, கழுவித்தரும் கடமையையோ அல்ல. திடலில் நடக்கும் கட்டண நிகழ்ச்சி முடிந்ததும் குப்பையை அள்ளுகிறவர்கள் கூலியாட்கள். விளையாடியவர்கள் வண்டியேறிப் போய்விடுவார்கள்.

'ஆகவே பிறர் திருவிழா எதுவும் நம் மண்ணில் வேரூன்றாது' என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு. அதற்குச் சான்று பெரிய மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையிலுள்ள இந்தச் சந்தைக்கு அரசு ஏட்டில் குபேர் அங்காடி என்று பெயர். புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் நினைவாக இடப்பட்டது. அவர் பெயரையே தாங்கிய கடற்கரைச் சாலையில், முதல் உலகப்போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 14, பிரான்சின் தேசிய தினத்தன்று, அங்கே மலர் வளையம் வைக்கப்படுகிறது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தமிழர்கள் உண்டு. இவ்வூர் வழக்கில் அவர்கள் 'சொல்தா'க்கள். ஓய்வுபெற்ற சொல்தாக்கள் பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு வந்து நிற்க, இரு நாடுகளின் தேசிய கீதங்களும் ஒலிக்கின்றன.

இதை அடிமை மனத்தின் எச்சம் என்று சொல்வோர் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த ஊர் இது. அந்த வரலாற்றைப் போற்றுகிறவர்களுக்கு ஜூலை 14 உறுத்துவதில் நியாயம் உண்டு. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் குடும்பங்களும் இதே ஊரில்தான் வாழ்கின்றன. அவர்கள் அந்த விழாவைக் கடன் வாங்கவில்லை. பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிய வீடுகள் அந்த நாளுக்கான விலையைக் கொடுத்திருக்கின்றன. உடன்படலாம், மறுக்கலாம், ஆனால் அதைப் போலி என்று சொல்ல முடியாது.

திருவிழா யாருடையது என்ற கேள்விக்கு இதுவே நமக்குக் கிடைக்கும் அளவுகோல். அது எங்கே தோன்றியது என்பதைவிட, அதன் சுமையை யார் ஏற்கிறார்கள் என்பதே முக்கியம். வெளிநாட்டில் வாழும் நம்மவர் புன்யோலுக்குப் போவதில் பிழையொன்றும் இல்லை. வீசிய ஒரு மணி நேரத்தைப் படம் பிடித்துக்கொண்டு உடனே பேருந்து ஏறாமல், தெரு கழுவப்படும் வரை நின்றுவிட்டு வந்தால், அவர்கள் கண்டது திருவிழாவாக இருக்கும். மற்றபடி அது வேடிக்கை.

தக்காளியின் வரலாறே இதற்கு நல்ல உதாரணம். மெக்சிகோவில் விளைந்த அந்தப் பழத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர்கள் ஸ்பானியர்கள். அது கடல் கடந்து நம்மிடம் வந்தபோது, மணத்தக்காளி போன்ற நம் செடிகளின் பெயரை அதற்கு இரவல் கொடுத்து, முன்னால் ஒரு 'சீமை'யையும் சேர்த்துச் சீமைத்தக்காளி என்றோம். பிறகு அது ரசத்திலும் குழம்பிலும் அன்றாடம் வேலை செய்யத் தொடங்கிற்று. சட்டம் போடாமலே 'சீமை' உதிர்ந்துபோயிற்று. இன்று பெரிய மார்க்கெட்டில் யாரும் அதை வெளிநாட்டுப் பழம் என்று சொல்லி விற்பதில்லை.