தேசப்படத்தில் எங்கள் ஊர் எங்கே?

“தம்பி, இவ்வளவு பெரிய தீவில எங்கட ஊருக்கு ஒரு புள்ளி வைக்கவும் இடமில்லாமல் போச்சோ?”

புத்தளத்துக்கு வடக்கே உள்ள கரைத்தீவில், நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் நாம் விரித்துவைத்த தேசப்படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்த முதியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கடற்றொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். நாம் காட்டியது தொலமி என்னும் கிரேக்க அறிஞரின் கணக்குகளைக் கொண்டு வரையப்பட்ட ‘தப்ரபேன்’ படத்தின் பிரதி. தப்ரபேன் என்பது நமது இலங்கையே.

முதியவர் கேட்டதில் நியாயம் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி, இலங்கையை அதன் உண்மையான அளவினும் பல மடங்கு பெரிதாகக் கருதினார். பூமத்தியரேகை அவரது இலங்கையின் ஊடாகச் செல்கிறது! உண்மையிலோ நமது தென்முனையும் அந்த ரேகைக்கு ஏறத்தாழ 6 பாகை வடக்கே உள்ளது. ஆயினும் அநுராதபுரத்தை ‘அனுரோகிராமன்’ என்று அவர் குறித்திருப்பதையும், தெற்கே யானைகள் மேயும் நிலமென எழுதியிருப்பதையும் காணும்போது, மாலுமிகளும் வணிகரும் சொன்ன செய்தி எத்துணைத் தூரம் பயணஞ் செய்திருக்கிறது என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

முத்திரை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் நம்மிடையே பலர் உளர்; பழைய தேசப்படம் சேர்ப்போர் சிலரே. அதன் சுவையை நேயர்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தொலமியின் படங்கள் 1477இல் இத்தாலியின் பொலோஞா நகரில் முதன்முதலாக அச்சேறின. அதன்பின் வந்த படங்களில் தவறுகளே ஒரு தனிச் சரித்திரம். 1540இல் செபஸ்தியான் மூன்ஸ்டர் என்னும் ஜெர்மானியர் தப்ரபேன் என்பது சுமாத்திராவே என்று கொண்டு, பக்கத்தில் பெரிய யானை ஒன்றையும் வரைந்துவிட்டார். 1606இல் ஹொண்டியஸ் வெளியிட்ட மெர்க்காட்டர் தேசப்படப் புத்தகத்தில் இலங்கைக்கென ஒரு தனிப்படம் இடம் பெற்றது. 1672இல் பால்தேயஸ் பாதிரியாரின் நூல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவராதலால் நேரிற் கண்டவற்றையும் அவர் எழுதினார். 1681இல் வெளியான ரொபேர்ட் நொக்ஸின் நூலிலோ கண்டி இராச்சியத்தின் உட்பகுதிப் படம் உண்டு. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த இராச்சியத்தில் சிறையிருந்த நொக்ஸ், 1679இல் தப்பிவந்து வெளிப்பட்ட இடம், கரைத்தீவுக்கு வடக்கே இதே கரையில் உள்ள அரிப்புக் கோட்டையாகும்.

இப்படங்களின் மூலைகளில் யானைகளும் பாய்க்கப்பல்களும் திசைகாட்டி மலர்களும் அழகுற விளங்கும். அழகில் மயங்கிவிடலாகாது. கறுவாவும் முத்தும் எங்கே கிடைக்கும், எத்துறையில் கப்பல் நிற்கும் என்பதை அறியவே அயலார் இவற்றை விரும்பினர். படம் வரைந்த கை பெயரையும் மாற்றியது. ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்ப்ட் என்றும், யாழ்ப்பாணத்துக் கரைத்தீவை ஆம்ஸ்டர்டாம் என்றும் தம் ஊர்ப் பெயர்களால் அழைத்தனர். யாழ்ப்பாணத்துக் கரைத்தீவு இன்று காரைநகர்; மற்றொரு காரைதீவு அம்பாறைக் கரையில் உளது. ஆகவே பழைய படத்தில் இப்பெயரைக் கண்டால், எந்தக் கரையது என்று பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். நாம் சென்ற கரைத்தீவை அடுத்த கடலுக்கோ ஒல்லாந்தர் குடா, போர்த்துக்கல் குடா என்ற பெயர்கள் இன்றும் படங்களில் நிலைத்துள்ளன.

சேகரிக்க விரும்பும் மாணவர் சில அடையாளங்களை அறிந்திருத்தல் நன்று. அக்காலப் படங்களிற் பெரும்பாலானவை செப்புத் தகட்டிற் கீறி, கீறலில் மையை நிரப்பி, ஈரத்தாளை அதன்மேல் அழுத்தி எடுக்கப்பட்டவை. தகட்டின் விளிம்பு தாளிற் பதிந்த பள்ளத்தைப் படத்தைச் சுற்றிலும் விரலால் உணரலாம். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வரிவரியான கோடுகள் தென்படும். கோடற்ற மழமழப்பான தாள் ஐரோப்பாவில் 1750களிலேதான் வழக்கிற்கு வந்தது. எனவே அத்தகைய தாளில் 1672ஆம் ஆண்டுப் படம் என ஒருவர் விற்க வந்தால், அது பிற்காலப் பிரதி என்று துணிந்து கூறலாம். நடுவே ஒரு மடிப்பு இருப்பது குறையன்று. புத்தகத்தில் தைக்கப்பட்டிருந்ததன் அறிகுறி அது. ஆயின் படத்துக்காக முழுப் புத்தகத்தையும் கிழித்து விற்பாரும் உளர். அத்தகைய வியாபாரத்துக்கு நம் பணம் துணைபோகலாகாது.

பேணும் முறையில் நாம் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இளமையில், நில அளவைத் திணைக்களத்தின் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவான பழைய புத்தளப் படம் ஒன்றை வாங்கினோம். ஓரத்தில் கிழிசல் இருந்தது. அவசரப்பட்டு ஒட்டுநாடாவால் ஒட்டினோம். சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்தது. அதன் பசையோ மஞ்சட் கறையாய் ஊறி, கரையோரத்துச் சிற்றூர்ப் பெயர்களை விழுங்கிவிட்டது. பணம் பெரிதன்று, அந்த எழுத்துக்களை நம் கையாலேயே அழித்தோமே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. ஒட்டுநாடா வேண்டாம், பிளாஸ்டிக் உறையிட்டு உருக்கி மூடுதலும் வேண்டாம். அமிலமற்ற தாளுக்கிடையே, வெயிலும் உப்புக்காற்றும் படாமல், தட்டையாக வைத்தலே போதும்.

பொருள் வசதி இல்லையே என்று மாணவர் ஏங்க வேண்டியதில்லை. உலகப் பெரு நூலகங்கள் பல தம் பழைய படங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டுகின்றன. ஆர். எல். புரோகியர், பவுலுஸ் என்பாருடன் சேர்ந்து தொகுத்து 1951இல் வெளிவந்த பட்டியல், நில அளவைத் திணைக்களத்தில் இருந்த பழம்படங்களை விவரிக்கின்றது. நல்ல பிரதிகளை ஒழுங்காகச் சேர்த்து ஒப்பிடுபவன், விலையுயர்ந்த மூலப்படம் ஒன்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறந்திருப்பவனைவிட மேலான சேகரிப்பாளன் என்பதே நமது கருத்து.

இனி முதியவரிடம் வருவோம். நமது பழுதான படத்தையும் அவர்முன் விரித்து, கறைபட்ட இடத்தைக் காட்டினோம். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தெற்கிலிருந்து வடக்காக விரலை மெல்ல நகர்த்தினார். ஒவ்வொரு மணல் திட்டுக்கும், வள்ளம் நுழையும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பெயர் சொன்னார். அவற்றுட் பல, கறை விழுமுன்பும் அந்தப் படத்தில் இருந்தவை அல்ல.

“இதெல்லாம் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா, ஐயா?” என்று வினவினோம்.

“எழுதுறதுக்கு என்ன? கடலுக்குப் போறவனுக்குத் தெரியும். இப்ப பொடியன்மார் போறதில்லை,” என்றார்.

அவருடைய பேத்தி, பள்ளி மாணவி, அருகில் நின்றாள். அப்பியாசப் புத்தகத்தில் ஒரு தாளை எடுத்து, தாத்தா சொல்லச் சொல்லக் கரையை வரைந்து பெயர்களைக் குறித்தாள். நாம் புறப்படும்போது பதினெட்டுப் பெயர்கள் சேர்ந்திருந்தன. அதில் ஒரு பிரதி நமது சேகரிப்பில் இருக்கிறது; தொலமியின் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். பழைய படங்களை நிதானமாகத் தேடிக்கொள்ளலாம். அவரிடம் இன்றைக்கே ஒரு தாளும் பென்சிலும் கொண்டு போங்கள்.