பட்டனை அமுக்க ஓர் ஆள்: ராஸ்பெரி பையில் ஓபன்பிஎம்சி

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையை ஊறப்போட்டுவிட்டு ஆந்திரா பக்கம் போய்விட்டது. எங்கள் திருவொற்றியூர் பக்கம் தெருத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த செய்தி வெளியே வந்துகொண்டிருந்தது.

என் சித்தப்பா ஒரு கன்டெய்னர் யார்டில் 'சிஸ்டம் ஆள்'. அதாவது பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், சர்வர் படுத்துக்கொண்டாலும் அவர்தான். அன்று காலை கரண்ட் வந்தது, நெட் வந்தது, சர்வர் மட்டும் வரவில்லை. முதலாளி போன் மேல் போன். சித்தப்பா முழங்கால் தண்ணீரில் நடந்து போனார். சர்வர் ஆன் ஆகி, பாதியில் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்தார், மறுபடி அமுக்கினார். வேலை முடிந்தது.

சாயங்காலம் கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், அமுக்க பத்து செகண்டு. இதுக்கு இன்னாடா கண்ணு பேரு கம்ப்யூட்டர்னு?"

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் லேட்டுதான், மாணவன் அசைன்மென்ட் தருகிற மாதிரி :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். சர்வர் என்றதும் நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' ஞாபகம் வருபவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம்.

பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் மதர்போர்டு மேலேயே இன்னொரு குட்டிக் கணினி இருக்கும். அதற்கு பிஎம்சி என்று பெயர். தனி பிராசசர், தனி நினைவகம், பெரும்பாலும் தனி நெட்வொர்க் துளை. பெரிய கணினி அணைந்து கிடந்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை இது விழித்திருக்கும். சூடு எவ்வளவு, விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கும். தூரத்திலிருந்து நாம் சொன்னால் சர்வரை ஆன் செய்யும், அணைக்கும், அதன் திரையையே நமக்குக் காட்டும். சித்தப்பா நாலு மணி நேரம் நடந்து செய்த வேலையை வீட்டில் டீ குடித்துக்கொண்டே செய்யலாம்.

ஆனால் அவர் யார்டில் 'சர்வர்' என்று அழைக்கப்படுவது ஒரு சாதாரண டெஸ்க்டாப். நம் வடசென்னைக் கதையே இதுதான். ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், மணலியில் லேத் பட்டறை, எண்ணூர் போகும் வழியில் லாரி ஆபீஸ்... பாதி இடங்களில் டெஸ்க்டாப்தான் சர்வர். மீதி இடங்களில் யாரோ கழித்துக்கட்டிய செகண்ட் ஹேண்ட் சர்வர். முதல் வகையில் பிஎம்சியே கிடையாது. இரண்டாவது வகையில் இருக்கும், ஆனால் தயாரிப்பாளர் அதற்கு அப்டேட் தருவதை எப்போதோ நிறுத்தியிருப்பார்.

பிஎம்சிக்குள் ஓடும் நிலைபொருள் நெடுங்காலம் மூடிய பெட்டியாகவே இருந்தது. 1998-ல் இன்டெல், ஹெச்பி, டெல், என்இசி சேர்ந்து ஐபிஎம்ஐ என்ற பொது மொழியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த மொழியைப் பேசும் நிரலை யாரும் திறந்து காட்டவில்லை. 2015-ல் ஃபேஸ்புக் தன் நெட்வொர்க் ஸ்விட்சுக்காக எழுதிய ஓபன்பிஎம்சியை வெளியிட்டது. ஐபிஎம்மும் அதே பெயரில் தனியாக ஒன்றை வளர்த்தது. 2018-ல் ஃபேஸ்புக், கூகுள், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட் எல்லாரும் சேர்ந்து, லினக்ஸ் பவுண்டேஷன் கூரையின் கீழ் ஒரே திட்டமாக ஆக்கினார்கள். இன்று அது யாரும் படிக்கலாம், யாரும் மாற்றலாம் என்கிற கட்டற்ற நிரல்.

படிக்கலாம், சரி. எதில் ஓட்டிப் பார்ப்பது? பிஎம்சிக்கென்றே ஆஸ்பீட் என்ற தைவான் நிறுவனம் செய்யும் சில்லுதான் பெரும்பாலான சர்வர்களில் இருக்கிறது. அந்தச் சில்லு உள்ள சோதனைப் பலகை மாணவன் வாங்கும் விலையில் இல்லை. அங்கேதான் ராஸ்பெரி பை வருகிறது. 2012-ல் 35 டாலருக்கு வெளிவந்த அட்டை அளவுக் கணினி. இங்கே நம் கைக்கு வரும்போது விலை கூடும்தான், ஆனாலும் நாலு பேர் பங்கு போட்டு வாங்கிவிடலாம்.

ஒரு தற்செயல் ஒற்றுமை. ஆஸ்பீடின் ஏஎஸ்டி2500 சில்லின் மூளை ஏஆர்எம்1176 என்ற வகை. முதல் ராஸ்பெரி பையின் மூளையும் அதே வகை! பெரிய டேட்டா சென்டரில் லட்சக்கணக்கான ரூபாய் சர்வரைக் காவல் காக்கும் வாட்ச்மேனும், லேபில் தூசி படிந்து கிடந்த பையும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓபன்பிஎம்சி மூலநிரலிலேயே ராஸ்பெரி பைக்கான அடுக்கு ஒன்று இருக்கிறது. கட்டளை கொடுத்தால் யோக்டோ என்ற கருவி கம்பைலர் முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கட்டும். என் பழைய லேப்டாப்பில் ஒரு ராத்திரி, ஒரு பகல், நடுவில் ஒரு பவர்கட். நல்லவேளையாக விட்ட இடத்திலிருந்து தொடரும். எஸ்டி கார்டில் ஏற்றினேன். பூட் ஆனது. உலாவியில் பக்கமும் வந்தது. உள்ளே போனால்... எல்லாம் வெறுமை. சென்சார் இல்லை, விசிறி இல்லை, கவனிக்க சர்வரே இல்லை. காவலுக்கு ஆள் வந்தாயிற்று, ஆனால் அவருக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை, காக்க வேண்டிய வீடு எதென்றும் தெரியாது.

போர்ட்டிங் என்றால் என்ன என்று அன்றுதான் புரிந்தது. நிரலை வேறு சில்லுக்குக் கம்பைல் செய்வது அதில் கால்வாசிகூட இல்லை. 'நீ இருக்கும் உடம்பு இது, உன் கண் இந்தக் கம்பியில், உன் விரல் அந்த முள்ளில்' என்று நிலைபொருளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் மீதி முழுக்க.

ரிச்சி தெருவில் மூன்று சாமான் வாங்கினேன். வெப்பம் பார்க்க எல்எம்75 சில்லு: பையின் ஐ2சி முள்ளில் மாட்டி, டிவைஸ் ட்ரீயில் அதன் முகவரியை எழுதியதும் லினக்ஸ் அதைக் கண்டுகொண்டது. அப்புறம் பிசி817 ஆப்டோகப்ளர்: டெஸ்க்டாப்பின் பவர் பட்டன் முள்களுக்குக் குறுக்கே வைத்தால் விரல் செய்யும் வேலையை அது செய்யும். நடுவில் ஒளி மட்டுமே கடப்பதால் இரண்டு பக்க மின்சாரமும் தொட்டுக்கொள்ளாது. பையின் முள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, நேராகக் கம்பி இழுத்தால் பரலோகம். மூன்றாவது மேக்ஸ்3232: சீரியல் போர்ட்டின் மின்னழுத்தத்தைப் பைக்கு ஏற்றபடி இறக்க. இதை வைத்து லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப்பின் கன்சோலைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். பைக்கு உணவு, டெஸ்க்டாப் சப்ளையின் ஊதாக் கம்பி. பொத்தானை அணைத்தாலும் அந்தக் கம்பியில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். உண்மையான பிஎம்சியும் இதே மாதிரி ஸ்டாண்ட்பை மின்சாரத்தில்தான் பிழைக்கிறது.

மூன்று வாரம் கழித்து, மொட்டைமாடியில் நின்று போனில் ஒரு பொத்தானைத் தட்டினேன். கீழே ஹாலில் டெஸ்க்டாப் விசிறி 'கிர்ர்' என்றது. அம்மா "யார்டா அது, ஆளே இல்லாம ஓடுது" என்று கத்தினார். அதுதான் எனக்குக் கிடைத்த முதல் விருது.

இனி நேர்மையாகப் பேச வேண்டும். ராஸ்பெரி பை முழு பிஎம்சி ஆகாது. உண்மையான பிஎம்சியில் சர்வரின் திரைக்கான கிராபிக்ஸே அந்தக் குட்டிச் சில்லுக்குள் இருக்கும். பையில் அது கிடையாது, திரையைப் பிடிக்கத் தனிச் சில்லு வேண்டும். மதர்போர்டின் உள்ளே போகும் எல்பிசி, இஎஸ்பிஐ போன்ற வழிகளும் இல்லை. நிலைபொருளைப் புதுப்பிக்கும் பகுதி ஆஸ்பீட் பலகைகளில் இருக்கும் ஃபிளாஷ் சில்லை எதிர்பார்க்கிறது. எஸ்டி கார்டைப் பார்த்ததும் விழிக்கிறது, அதை நான் இன்னும் சரி செய்யவில்லை. இன்னொரு வேடிக்கை: திறமூலம் திறமூலம் என்று நாம் குதிக்கும் பையின் ஆரம்ப பூட் கோப்புகளே மூடிய பெட்டிதான்.

"அப்புறம் எதற்கு இந்த வேலை? பைகேவிஎம் என்று ரெடிமேடாகவே இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டுப் போ" என்று ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்வி. சித்தப்பாவின் யார்டுக்கு நாளைக்கே தீர்வு வேண்டும் என்றால் நானும் பைகேவிஎம்தான் சொல்வேன், அது திரையையும் காட்டும். ஆனால் நான் கேட்பது வேறு. பைகேவிஎம் ஒரு பிரச்சினையைத் தீர்க்கிறது. ஓபன்பிஎம்சியை பையில் ஏற்றுவது ஒரு தொழிலைக் கற்றுத்தருகிறது.

அந்தத் தொழில் நம் ஊரிலேயே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பயாஸும் பிஎம்சி நிலைபொருளும் எழுதும் ஏஎம்ஐ நிறுவனத்தை 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் தொடங்கியவர்களில் ஒருவர் சுப்ரமணியன் சங்கர். அந்த நிறுவனத்துக்குச் சென்னையில் மேம்பாட்டு மையம் உண்டு. அவர்களுடைய மெகாராக் என்ற பிஎம்சி நிலைபொருள் உலகத்தின் ஏராளமான சர்வர்களில் ஓடுகிறது. அதன் புதிய தலைமுறையான ஒன்ட்ரீயோ ஓபன்பிஎம்சியை அடிப்படையாகக் கொண்டது. யோசித்துப் பாருங்கள். இந்தப் பொருள் எழுதப்படும் நகரத்தில், நாங்கள் நாலு வருஷம் எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்கிறோம். 8051-ல் எல்இடி எரியவிடுகிறோம், ரெக்கார்ட் நோட்டில் படம் வரைகிறோம். பிஎம்சி என்ற வார்த்தையை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது, ஓஎம்ஆர் அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் இன்டர்வியூவில் 'டி-பஸ் தெரியுமா' என்று கேட்கும்போது எங்கள் ஏரியா பையன் விழிக்கிற தூரம் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. 2025 மார்ச்சில் மெகாராக்கில் ஓர் ஓட்டை இருப்பதை எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் நுழையலாம் என்பதால் தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண். ஏஎம்ஐ உடனே திருத்தம் தந்தது. ஆனாலும் ஜூனில் அமெரிக்காவின் சிஐஎஸ்ஏ, இந்த ஓட்டை நிஜமாகவே தாக்குதலுக்குப் பயன்படுகிறது என்று பட்டியலில் சேர்த்தது. பிஎம்சி ஓட்டை ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல்முறை. ஏன் இவ்வளவு கவலை? பிஎம்சியைப் பிடித்தவன் கணினியையே பிடித்தவன். நீங்கள் விண்டோஸை அழித்துப் போட்டாலும் அவன் கீழ்வீட்டில் உட்கார்ந்திருப்பான்.

திறமூலம் என்றால் ஓட்டையே இருக்காது என்று சொல்ல வரவில்லை. 2021-ல் ஓபன்பிஎம்சியின் ஐபிஎம்ஐ பகுதியிலும் இதே மாதிரி அடையாளச் சோதனையைத் தாண்டும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வித்தியாசம் ஓட்டை இருப்பதில் இல்லை, அடைப்பு யார் கையில் என்பதில்தான். மூடிய நிலைபொருளில் தயாரிப்பாளர் திருத்தம் எழுதி, சர்வர் விற்ற கம்பெனி அதைத் தன் மாடலுக்குத் தந்தால்தான் உண்டு. கழித்துக்கட்டிய சர்வருக்கு யார் தரப்போகிறார்கள்? என் பையில் ஓடுவதை நானே மறுபடி கட்டி ஏற்றிக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்ட் இரும்பில் பிழைக்கும் ஓர் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

(செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓபன்பிஎம்சியின் ஆரம்ப பாஸ்வேர்ட் உலகத்துக்கே தெரியும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பிஎம்சியை நேராக இன்டர்நெட்டில் தொங்கவிடாதீர்கள், விபிஎன் உள்ளே வையுங்கள்.)

ஆகவே என் கட்சி இதுதான். கல்லூரிகள் லட்சம் போட்டு லேப் கட்ட வேண்டாம். பத்து பை, பத்து பழைய டெஸ்க்டாப், ரிச்சி தெரு சாமான் ஒரு பை நிறைய. ஃபைனல் இயர் புராஜெக்ட் என்று கடையில் காசு கொடுத்து வாங்கும் 'ஆட்டோமேட்டிக் வாட்டர் டேங்க்'குக்குப் பதிலாக, பக்கத்துப் பட்டறையின் கணினிக்கு ஒரு காவல்காரனைக் கட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். பாதிதான் வேலை செய்யும். எந்தப் பாதி, ஏன் என்று சொல்லத் தெரிந்தாலே அந்த மாணவன் தேறிவிட்டான்.

போன மாதம் சித்தப்பா வீட்டுக்கு வந்தபோது காட்டினேன். போனில் தட்டச் சொன்னேன். கணினி அணைந்தது. மறுபடி தட்டினார், ஆன் ஆனது. நாலைந்து முறை குழந்தை மாதிரி தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்:

"எல்லாம் சரிடா கண்ணு. இந்தக் குட்டி டப்பா தொங்கிப்போச்சுன்னா அதோட பட்டனை யாரு அமுக்குறது?"

அதற்குத்தான் வாட்ச்டாக் டைமர் என்று ஒன்று இருக்கிறது, பதில் வராவிட்டால் தானாகவே ரீசெட் செய்துகொள்ளும் என்று விளக்கினேன். தலையாட்டினார். முழுசாக நம்பிய மாதிரி தெரியவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்தவர் அவர்தானே.