ஹூஸ்ரன் இட்ட அத்திவாரம்

அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் 1967ஆம் ஆண்டு அமர்ந்த முதற் கறுப்பின நீதியரசர் தேர்குட் மார்ஷல். பாடசாலைகளிற் பிள்ளைகளை நிறத்தாற் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரண் என்று 1954 மே 17ஆம் நாள் ஒன்பது நீதியரசரும் ஒருமித்துத் தீர்ப்பளித்த வழக்கில் வாதாடியவரும் அவரே. அவர் புகழை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அவருடைய ஆசான் சாள்ஸ் ஹமில்ரன் ஹூஸ்ரனை எத்தனை பேர் அறிவர்? உழுதவனை மறந்து அரிவு வெட்டியவனுக்கு மட்டும் மாலையிடுவதோ?

வாஷிங்ரனிலுள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிப் பொறுப்பை 1929இல் ஹூஸ்ரன் ஏற்றார். மாலைவேளைக் கல்லூரியாயிருந்ததை முழுநேரக் கல்லூரியாக்கினார். அவருடைய கண்டிப்பைத் தாங்காது விலகிய மாணவர் பலர். தாங்கி நின்று 1933இல் முதல்வராகத் தேறியவர் மார்ஷல்.

1896ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று, வசதிகள் சமமாயிருப்பின் இனங்களைப் பிரித்துவைக்கலாம் என்றது. பிரித்தல் நடந்தது, சமம் ஏட்டிற் கிடந்தது. ஹூஸ்ரன் அத்தீர்ப்பை நேரே மோதவில்லை. ‘சமம் எங்கே?’ என்று மட்டும் கேட்டார். அதையும் சட்டக் கல்லூரிகளை முன்வைத்தே கேட்டார். தென் மாநிலங்கள் பெரும்பாலும் கறுப்பருக்குச் சட்டக் கல்லூரி நடத்தாத காலம் அது. ஒரு மாணவனுக்காகத் தனிக் கல்லூரி கட்டுவதா, உள்ள கல்லூரியைத் திறந்துவிடுவதா? நல்ல சட்டக் கல்லூரி எதுவென்று நீதிபதிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதுமில்லை! இந்த மதிநுட்பத்தையே நாம் பெரிதும் வியக்கிறோம்.

1936இல் மேரிலாந்து பணிந்தது; மார்ஷலுக்கு நிறத்தால் மூடிக்கிடந்த கல்லூரி அது. 1938இல் மிசூரி தோற்றது. வெளிமாநிலத்திற் படிக்கப் பணம் தருவோம் என்ற சாட்டு எடுபடவில்லை. ஆயின் அவ்வழக்கின் வாதி லொயிட் கெயின்ஸ் என்ற இளைஞர் 1939இல் சிக்காகோவிற் காணாமற் போனார். அவருக்கு நேர்ந்தது யாதென எவரும் கண்டறிந்திலர். வெற்றிகளை எண்ணுவோர் இவரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ரெக்சாஸ் மாநிலமோ அவசர அவசரமாகத் தனிக் கல்லூரியொன்றைத் தொடக்கித் தப்பப் பார்த்தது. ஆசிரியர் புகழையும் பழைய மாணவர் செல்வாக்கையும் அவ்வாறு ஈடுசெய்ய இயலாதென 1950 ஜூனில் உயர் நீதிமன்றம் கூறிற்று. ‘சமம் எங்கே?’ என்ற கேள்வி, பிரித்தபின் சமம் உண்டா என்ற கேள்வியாக அன்று முற்றியது. அதைக் கேட்க ஹூஸ்ரன் இருக்கவில்லை. ஏப்பிரல் 22ஆம் நாள், 54ஆம் வயதில், இதயநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

நான்காண்டின் பின் பாடசாலை வழக்குகளை வென்ற சட்டத்தரணிகளுள் ஹவார்ட்டிற் கற்றவர்களும் கற்பித்தவர்களும் பலர்: மார்ஷல், ஸ்பொற்ஸ்வூட் ரொபின்சன், ஒலிவர் ஹில், ஜேம்ஸ் நபிரிற்.