அவன் ஏன் சுடவில்லை?

“ஏங்க, அவன் வேலை செய்யலைங்க!”

“எவன்?”

“மைக்ரோவேவ் அவன்!”

எங்கள் வீட்டில் இந்த ஜோக்குக்கு வயது எட்டு. மைக்ரோவேவ் வந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு மட்டும் மனைவி சிரிக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். உள்ளே லைட் எரிகிறது. கண்ணாடித் தட்டு சுற்றுகிறது. ஃபேன் ஓடுகிறது. நொடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ‘டிங்’ என்று மணியும் அடிக்கிறது. திறந்தால், சாம்பார் ஃப்ரிஜ்ஜில் இருந்த அதே குளிர்ச்சியோடு என்னைப் பார்க்கிறது. இப்படிப்பட்ட ஆசாமிகளோடு ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். லைட், ஃபேன், சுற்றல் எல்லாம் உண்டு. காரியம் மட்டும் நடக்காது.

“மெக்கானிக்குக்கு போன் பண்ணட்டுமா?”

“எதுக்கு? நான் இல்லையா?”

மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டேபிள் ஃபேன் எல்லாவற்றையும் கழற்றி மாட்டியவன் நான். (டேபிள் ஃபேனில் மூன்று திருகாணி மிச்சமானது தனிக்கதை.) ஜாக்கிரதையாக பிளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் இல்லாத பெட்டி என்ன செய்துவிடும்? பின்பக்கத் திருகாணிகளில் ஐந்தைக் கழற்றியாயிற்று. ஆறாவதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தபோது வாசலில் ஒரு சத்தம்.

“சார், கையை எடுங்க!”

எனக்குத் தெரியாமல் மனைவி போன் பண்ணிவிட்டிருந்தாள்.

“பிளக்கைப் பிடுங்கியாச்சு தம்பி” என்றேன், சற்று பெருமையாகவே.

“அதனாலதான் சார் பயமே. வீட்டுல வர்ற 230 வோல்ட்டை உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் 2000 வோல்ட்டுக்கு மேல ஏத்தும். கெப்பாசிட்டர் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே விட்டுடும்னு நம்ப முடியாது. அதை வடியவிட ஒரு ரெஸிஸ்டர் இருக்கும்தான். அது போயிருந்தா? கை பட்டா ஆளையே தூக்கிடும்.”

என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் தானாகத் தரைக்கு வந்துவிட்டது.

தம்பி திருகாணிகளைப் பழையபடி முடுக்கினார். பீங்கான் கப்பில் தண்ணீர் வைத்து இரண்டு நிமிஷம் ஓடவிட்டார். விரலை விட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீர்!

“சில மாடல்ல, கடையில ஓட்டிக் காட்டறதுக்குன்னே டெமோ மோடு இருக்கும் சார். தட்டு சுத்தும், சுடாது. பட்டன் மாத்தி அழுத்தினாலும் அதுல போய் நின்னுடும். உங்களுது அது இல்லை. கதவு சுவிட்ச், ஃபியூஸ், டயோடு, மேக்னெட்ரான், இதுல ஏதோ ஒண்ணு.”

“மேக்னெட்ரான்னா?”

“சூடு பண்றதே அதான் சார். ஒரு மாதிரி வால்வு.”

வால்வு என்றதும் எனக்கு உற்சாகம். எங்கப்பா வால்வு ரேடியோ வைத்திருந்தவர். இது அந்த ஜாதியில் பெரிய இடம். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக உழைத்தது. 1945-ல் அமெரிக்காவில் பெர்ஸி ஸ்பென்ஸர் என்ற இன்ஜினீயர் ஓடும் மேக்னெட்ரான் பக்கத்தில் நின்றபோது, பாக்கெட்டிலிருந்த சாக்லேட் மிட்டாய் உருகிவிட்டதாம். 1947-ல் வந்த முதல் அவன் கிட்டத்தட்ட ஆறடி உயரம், 340 கிலோ! நல்லவேளை, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழற்ற எவனாலும் முடிந்திருக்காது.

தம்பி முறைப்படி கெப்பாசிட்டரை வடியவிட்டு, மீட்டர் வைத்துச் சோதித்து, கடைசியில் ஒரு சின்னச் சாமானை எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

“டயோடு போயிருக்கு சார். மேக்னெட்ரான் நல்லா இருக்கு. அது போயிருந்தா, புதுசே வாங்கிடலாமான்னு யோசிக்க வேண்டியிருக்கும்.”

அரை மணியில் தண்ணீர் கொதித்தது. பணத்தை வாங்கிக்கொண்டு போகும்போது, “சார், மிக்ஸியைக் கழட்டுங்க, ஃபேனைக் கழட்டுங்க. இதை மட்டும் வேண்டாம்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ராத்திரி சாம்பார் ஆவி பறக்க வந்தது. மனைவி பேசவில்லை. பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அவன் போனா வேற அவன் வாங்கிக்கலாம். நீங்க போனா?”

எட்டு வருஷ ஜோக்குக்கு அவள் சொன்ன முதல் பதில். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பார்த்தால் என் ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். எங்கே ஒளித்தாய் என்று நான் கேட்கவும் இல்லை.