விரும்பிக் கேட்பவரே சமைக்கட்டும்!
(பத்தாம் வகுப்பு மாணவி)

காலம் மாறுகிறது; காலத்தோடு நம் கலத்தில் விழும் உணவும் மாறுகிறது. நம் பாட்டியர் காலத்தில் மாலைப் பசிக்கு அவித்த வேர்க்கடலையும் சுண்டலும் போதுமானவையாக இருந்தன. இன்றோ பள்ளி விட்டு வீடு திரும்பியதும், "அம்மா, சீஸ் பாஸ்தா செய்து கொடு" என்று கேட்கும் தோழியர் நம்மில் எத்தனை பேர்! இதைக் கண்டு பெரியோர் சிலர் வருந்துகின்றனர். நம் வயதினர் சிலரோ இதுவே நாகரிகம் என எண்ணி மகிழ்கின்றனர். இருசாராரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றனர். அதை யார் சமைப்பது என்பதே அக்கேள்வி. அது குறித்து என் கருத்தைக் கூறவே இக்கட்டுரை.

திருவண்ணாமலைக்கு இத்தாலி உணவு எப்படி வந்தது என்று வியக்க வேண்டியதில்லை. 1934-ஆம் ஆண்டு பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் ரமண மகரிஷியைப் பற்றித் தம் நூலில் எழுதிய பின்னர், மேல்நாட்டார் பலர் நம் ஊரைத் தேடி வரத் தொடங்கினர். இன்றும் செங்கம் சாலையில் ரமணாசிரமப் பகுதிக்குச் சென்றால், அவர்களுக்கென்றே நடக்கும் சிற்றுணவகங்களின் பலகைகளில் பாஸ்தாவின் பெயரைக் காணலாம். ஊரின் மறுபக்கம், வேலூர் சாலையில் இருக்கும் நம் வேங்கிக்காலுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. மளிகைக் கடையில் சேமியாவுக்குப் பக்கத்திலேயே இன்று பாஸ்தா பாக்கெட்டும் இருக்கிறது.

"இது அந்நிய உணவு, நமக்கு எதற்கு?" என்பார் சிலர். அவர்களிடம் பணிவுடன் ஒன்று கேட்கிறேன். நம் சாம்பாரில் இடும் மிளகாய் எங்கிருந்து வந்தது? ரசத்தில் கரைக்கும் தக்காளியும், பொரியல் செய்யும் உருளைக்கிழங்கும் எங்கிருந்து வந்தன? அமெரிக்கக் கண்டத்திலிருந்து அல்லவா? ஏன், நம் மாவட்டத்து உழவர்கள் பெருமையுடன் விளைவிக்கும் வேர்க்கடலையின் தாயகமும் தென் அமெரிக்காவே! பாஸ்தாவும் ஒரே நாட்டுக்கு உரியதன்று. அல் இத்ரிசி என்ற அரபுப் புவியியல் அறிஞர் 1154-இல் முடித்த நூலில், சிசிலித் தீவில் கோதுமை மாவை நூலாக்கிக் கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள் என்று குறித்துள்ளார். நாம் இடியாப்பம் பிழிகிறோம். சேமியாவில் உப்புமா கிண்டுகிறோம். மாவை நூலாக்கி உண்பது நமக்கு அந்நியமான கலையா, சொல்லுங்கள்!

பாஸ்தாவின் மேல் தூவும் மூலிகைகளைப் பார்ப்போம். 'ஓரிகானோ' என்ற பெயரில் சிறு பொட்டலத்தில் விற்கும் காய்ந்த இலைக்கு மணம் தருவது கார்வக்ரால் என்னும் பொருள். நம் வீட்டு முற்றத்துத் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளி இலையிலும் அதே பொருள் உண்டு. சளி பிடித்தால் பாட்டி கஷாயம் வைக்கும் அந்த இலையை ஆங்கிலத்தில் 'கியூபா நாட்டு ஓரிகானோ' என்றே அழைக்கின்றனர். 'பேசில்' என்று உணவகத்தில் பெருமையாகச் சொல்கிறார்களே, அது வேறெதுவும் இல்லை, நம் திருநீற்றுப்பச்சிலைதான். சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கும் சப்ஜா விதை அச்செடியின் விதையே. தொட்டியில் இருப்பதைப் பறிக்காமல் கடையில் வாங்கி வருவது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றதன்றோ?

சீஸின் கதையும் நாம் அறிய வேண்டியதே. கோழிக்கோட்டில் 1921-இல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் படித்த வர்கீஸ் குரியன் 1949-இல் குஜராத்திலுள்ள ஆனந்த் என்ற சிற்றூருக்குச் சென்றார். எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் கூறிவந்த காலம் அது. அவருடைய நண்பர் தலாயா என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1955-இல் அங்கே பால்பவுடர் ஆலை எழுந்தது. பிற்காலத்தில் அதே கூட்டுறவு, சீஸையும் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது. ஆகவே நாம் துருவும் சீஸ் கட்டிக்குப் பின்னால் இரண்டு மாடு, மூன்று மாடு வைத்துப் பிழைக்கும் ஏழை உழவர்களின் உழைப்பு இருக்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். நால்வருக்குத் துணை உணவாக 200 கிராம் பாஸ்தா போதும். வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் படியுங்கள். 'துரம் கோதுமை ரவை' என்றிருந்தால் நல்லது. அது வெந்தாலும் குழையாது. வெறும் மைதா என்றிருந்தால் கவனம் தேவை. சற்றே அதிகம் வெந்தாலும் களியாகிவிடும். 2 லிட்டர் தண்ணீர் தளதளவெனக் கொதித்தபின் சிறிது உப்பிட்டுப் பாஸ்தாவைப் போடவும். பாக்கெட்டில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே, பெரும்பாலும் எட்டு முதல் பத்து நிமிடத்துக்குள், ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கவும். வெளியே மென்மையும் நடுவில் சிறு உறுதியும் இருந்தால் அதுவே பதம். வடிக்கும்போது ஒரு கோப்பை கஞ்சியை எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

பிறகு வாணலியில் ஒரு கரண்டி வெண்ணெய் இட்டு, நறுக்கிய நான்கு பூண்டுப் பற்களை மணம் வரும்வரை வதக்கவும். மூன்று கற்பூரவள்ளி இலைகளைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கவும். மூன்றுக்கு மேல் வேண்டாம். மிகுந்தால் கஷாய வாடை அடிக்கும்! பாஸ்தாவையும் அரைக் கோப்பை கஞ்சியையும் ஊற்றிக் கிளறி, அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன் பின்னரே 50 கிராம் துருவிய சீஸைப் போட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் சீஸ் திரண்டு எண்ணெய் வேறாகப் பிரிந்துவிடும். கஞ்சியில் உள்ள மாவுச்சத்து, சீஸின் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கும். இறுதியில் மிளகுத்தூளும் கிள்ளிய திருநீற்றுப்பச்சிலையும் தூவினால் முடிந்தது. சீஸுக்குப் பதிலாகப் பன்னீர் இடலாமா என்று கேட்கிறீர்களா? இடலாம், ஆனால் பன்னீர் சூட்டில் உருகாது, துண்டு துண்டாகவே நிற்கும்.

இதை நான் துணை உணவு என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. சீஸில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இருப்பது போலவே உப்பும் கொழுப்பும் மிகுதியாக உள்ளன. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ ஊறுகாயும் அப்பளமும் ஏற்கெனவே தின்று தீர்க்கிறோம்! ஆதலின் வாரம் ஒருமுறை, ஒரு சிறு கிண்ணம், பக்கத்தில் அவித்த பீன்ஸோ கேரட்டோ சுண்டலோ. இந்த அளவோடு நின்றால் எந்த மருத்துவரும் குறை சொல்ல மாட்டார்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். நம் தாய்மார்களில் பலர் அலுவலகத்திலும் கடையிலும் வயலிலும் உழைத்துவிட்டு மாலை மயங்கும் நேரத்தில் வீடு திரும்புகின்றனர். பாட்டிக்கு இட்லி, அப்பாவுக்குச் சப்பாத்தி, அதற்கு மேல் பிள்ளைகளுக்குப் பாஸ்தா! 'விரைவு உணவு' என்று பெயர். ஆனால் அம்மாவுக்கு அது மூன்றாவது சமையல். சீஸ் ஒட்டிய வாணலியைத் தேய்ப்பது நான்காவது வேலை. பெட்டியில் அடைத்த மக்ரோனியும் சீஸும் அமெரிக்காவில் 1937-இல் விற்பனைக்கு வந்தபோது, வீட்டுப் பெண்ணின் நேரம் மிச்சமாகும் என்பதே அதன் கவர்ச்சி. அங்கே நேரத்தை மிச்சப்படுத்த வந்தது, இங்கே நேரத்தைத் தின்னலாமா?

இது என் கற்பனையன்று. மக்கள் தம் நேரத்தை எப்படிச் செலவிடுகின்றனர் என்று மத்திய அரசின் புள்ளியியல் துறை 6 வயதுக்கு மேற்பட்டோரிடம் கணக்கெடுத்தது. 2019-இல், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குக் கொடுத்தனர். ஈடுபட்ட ஆண்கள் கொடுத்ததோ 97 நிமிடங்களே. 2024-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களின் நேரம் 289 நிமிடங்களாயிற்று. ஐந்து ஆண்டுகளில் குறைந்தது பத்தே நிமிடம். பாஸ்தா வேகும் நேரம்! அந்தப் பத்து நிமிடத்தையாவது ஆண்கள் ஏற்றுக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்களுடைய நேரமும் 88 நிமிடங்களாகக் குறைந்துவிட்டது.

ஆகவே என் கருத்து இதுதான்: விரும்பிக் கேட்பவரே சமைக்கட்டும், சமைத்தவரே பாத்திரத்தையும் கழுவட்டும். மகள் கேட்டால் மகள். மகன் கேட்டால் மகன். "பெண் பிள்ளை சமையல் கற்பது நல்லதுதான்" என்று கூறும் பெற்றோரில் பலர், "ஆண் பிள்ளைக்கு எதற்கு?" என்று அங்கேயே நிறுத்திவிடுகின்றனர். பசி மட்டும் இருவருக்கும் பொதுவாம். அடுப்பு மட்டும் ஒருவருக்காம்! நாளை கோயம்புத்தூரிலோ சென்னையிலோ விடுதியில் தங்கிப் படிக்கப்போகும் மகனுக்கு, ஒரு வேளை உணவைத் தானே ஆக்கத் தெரிவது அவமானமா, பலமா?

"பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் சமையலா?" என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்வியே. தண்ணீர் கொதிப்பதிலிருந்து தட்டில் இடும்வரை அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதுவும் வாரத்தில் ஒருநாள். தொலைபேசித் திரையில் நாம் இழக்கும் நேரத்தோடு இதை ஒப்பிட்டால் வெட்கம் நமக்கே. கொதிக்கும் நீரைக் கண்டு அஞ்சும் பெற்றோர், முதல் இரண்டு மூன்று முறை அருகில் நின்று, வடிப்பதை மட்டும் தாங்கள் செய்யலாம்.

எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையிலிருந்து சனிக்கிழமை மாலை இப்படித்தான் நடக்கிறது. நான் பாஸ்தாவை வேகவைக்கிறேன். ஏழாவது படிக்கும் தம்பி சீஸ் துருவுகிறான், பூண்டு உரிக்கிறான். துருவும்போதே பாதியைத் தின்றுவிடுகிறான் என்பது வேறு கதை. வாணலியை வெந்நீரில் அல்ல, குளிர்ந்த நீரில் உடனே ஊறவைத்தால் சீஸ் எளிதில் விட்டுப்போகும் என்று அவனே கண்டுபிடித்தான். கழுவும் முறை அவனுடையது அல்லவா! பாட்டி முதலில் மூக்கைச் சுளித்தார். கற்பூரவள்ளி போட்டது என்று அறிந்ததும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். அம்மா அந்த நேரத்தில் மாடியில் நாற்காலி போட்டு அமர்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. அம்மா ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதை அதற்கு முன் நான் அதிகம் பார்த்ததில்லை.

அன்புத் தோழியரே! புதிய உணவை விரும்புவதில் குற்றமில்லை. அதை நம் மண்ணின் இலையோடும், நம் உழவரின் பாலோடும், நம் உடலுக்கேற்ற அளவோடும் சமைத்தால் அது நம்முடையதாகிவிடும். ஆனால் அதன் சுமையை இன்னொருவர் தோளில் ஏற்றினால் எவ்வளவு சீஸ் இட்டாலும் அதில் சுவை இராது. பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் அடுத்த முறை பாஸ்தா கேட்டால் மறுக்காதீர்கள், கடிந்துகொள்ளவும் வேண்டாம். வாணலி இருக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும்!