கட்டிலோடு முடக்காதீர்கள்

"கை கால் விழுந்துடுச்சு. இனி என்ன, இருக்கிற வரைக்கும் வீட்டோட வச்சுப் பார்த்துக்க வேண்டியதுதான்." பக்கவாதம் வந்தவரைப் பற்றி நம் ஊர்களில் பலரும் சொல்லும் தீர்ப்பு இது. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பு தவறானது. எழுந்து நடந்திருக்கக்கூடிய எத்தனையோ பேரை அது கட்டிலில் கிடத்தியிருக்கிறது.

வெள்ளகவியை எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலுக்குக் கீழே பழனிமலைச் சரிவில் இருக்கும் ஊர். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய நடைபாதையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வண்டிச்சாலை இல்லாமலே வாழ்ந்தவர்கள் இவ்வூர் மக்கள். விளைச்சல் குதிரை முதுகில் போனது, நோயாளி டோலியில் போனார். மூளையின் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். மேலே வட்டக்கானலுக்கு ஏறினாலும், கீழே பெரியகுளம் பக்கம் கும்பக்கரைக்கு இறங்கினாலும், பொன்னான அந்த நேரம் காட்டுப்பாதையிலேயே கரைந்தது. ஊசி கிடைக்காதவர் மீள்வதற்குப் பெரிதும் நம்பியிருப்பது பயிற்சியைத்தான். ஓய்வு என்று சொல்லி அதையும் பறித்தால் அவருக்கு என்னதான் மிச்சம்?

முதல் சில நாள்களில் எவ்வளவு அசையலாம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதன் பிறகும் கிடந்தால் கிடப்பதே நோயாகிவிடும். முதுகில் புண் வரும், மூட்டுகள் இறுகும், காலில் ரத்தம் உறையும். படுத்தபடி புகட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். குணமாகும் என்று நம்பிப் புறா ரத்தம் தேய்த்துக் காத்திருக்கும் நாள்களில் இவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

"சில மாசத்துல வந்தா வந்தது, இல்லேன்னா இல்லை" என்பதும் உண்மையல்ல. அமெரிக்காவில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கையில் ஓரளவு அசைவு மிஞ்சியிருந்தவர்கள் அவர்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழுந்த கையையே 2 வாரம் வேலை வாங்கினார்கள். கை தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தத் தேர்ச்சி நிலைத்திருந்தது. 2006இல் வெளியான முடிவு இது. மூளை எந்த வயதிலும் கற்கும், ஆனால் வேலை கொடுத்தால்தான் கற்கும்.

"அதான் வீட்டாளுங்க இருக்காங்களே" என்பார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதையும் சோதித்துப் பார்த்தார்கள். குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து வீட்டிலேயே மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொடரச் செய்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறரைச் சார்ந்தே வாழ்ந்தோரும் இரு தரப்பிலும் சுமார் 47 சதவீதம். வழக்கமான சிகிச்சையைவிட எந்தக் கூடுதல் பலனும் இல்லை. குடும்பத்தின் அன்பில் குறை காண நான் இதைச் சொல்லவில்லை. காப்பித் தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் ஓடும் ஒரு மருமகளின் தலையில் இவ்வளவு பெரிய வேலையைக் கட்டிவிட்டு ஊர் ஒதுங்கி நிற்கக் கூடாது, ஒரு சங்கமாகச் சேர்ந்து துணை நிற்க வேண்டும் என்கிறேன்.

"ஊரில் ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ வந்ததுக்கு ஒரு சங்கமா?" என்று கேட்கலாம். ஒரே ஒருவருக்காகத் திரண்ட ஊரும் உண்டு. நடிகை பட்ரீசியா நீல் 1965 பிப்ரவரியில் மூளை ரத்தக்கசிவால் பேச்சும் நடையும் இழந்தார். அவருடைய கணவர், எழுத்தாளர் ரோல்டு டால், அவரைப் படுக்கவிடவில்லை. இங்கிலாந்தின் கிரேட் மிசென்டன் கிராமத்து அக்கம்பக்கத்தார் முறைவைத்து வந்து பேச, படிக்க, எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் யாரும் மருத்துவர்கள் அல்ல. 1968இல் வந்த படத்தில் நடித்த பட்ரீசியாவின் பெயர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த அக்கம்பக்கத்தாரில் ஒருவரான வேலரி ஈட்டன் கிரிஃபித் அந்த முறையைப் பின்னர் தொண்டர் திட்டமாகவே வளர்த்தார். எல்லோரும் நடிகையைப் போல மீள்வார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் தானாக எழ முடிவதும், கழிப்பறைக்குப் போய்வர முடிவதும், பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிவதும் சிறிய வெற்றிகள் அல்ல.

வெள்ளகவி போன்ற ஊரில் இப்படி ஒரு சங்கத்துக்குக் கட்டடம் வேண்டாம். வாரம் ஒரு நாள், ஊர் கூடும் இடம், மகளிர் குழுவில் பொறுப்பேற்க இரண்டு பேர் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அத்திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளரைக் கேட்டு வரவழைத்து, பயிற்சிகளை ஊரே கற்றுக்கொள்ளட்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவக்கூடும் என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ளட்டும். பேச்சு போனவரோடு பேச ஒருவர், நடை பழகத் துணைக்கு ஒருவர் என்று முறை போடுங்கள். வருவோர் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பாருங்கள். பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, முன்பே ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துபவரைத் தடுத்தாலே ஓர் உயிர் மிஞ்சும். கவனித்துக் களைத்த மனைவிக்கு அன்று இரண்டு மணி நேரம் ஓய்வும் கிடைக்கும். நோயாளிகளில் மூன்றில் ஒருவரைப் பிடிக்கும் மனச்சோர்வுக்கு, நாலு பேர் நடுவே உட்கார்வதும் ஒரு மருந்து.

டோலி தூக்க ஊரே தோள் கொடுத்தது. அந்தத் தோள் நோயாளி திரும்பி வந்த பிறகும் வேண்டும். உங்கள் தெருவில் பக்கவாதம் வந்து கிடப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். பழங்களை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடாமல், உட்கார்ந்து பேசுங்கள். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் அதுவே சங்கம்.